இரண்டாவது அட்டை

இருபத்தாறாவது துண்டையும் ஒட்டி முடித்ததும் கங்கா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பொருந்திவிட்டது.

தவளையின் ஓர் உயிரணுவுக்குள் இருபத்தாறு குரோமோசோம்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சிந்திய சீரகம்போல் தாறுமாறாகக் கிடக்கும். அவற்றைப் பெரிதாக வரைந்து, கத்தரித்து, நீளம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். பதின்மூன்று ஜோடி.

பிறகு இடுப்பைப் பார்க்க வேண்டும். ஆம், குரோமோசோமுக்கும் இடுப்பு உண்டு. ஒன்று நடுவில் ஒடுங்கியிருக்கும், இன்னொன்று ஓரத்தில். அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகத் தெரியும் இரண்டு தவளைகளை, வேறு வேறு இனம் என்று இந்த இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டாஞ்சேரியில் அவள் பிடித்த தவளைகளுக்கெல்லாம் நான்காம் ஜோடியின் இடுப்பு நடுவில். கொச்சங்காடியில் அவள் குடியிருந்த மாடியறைக்குக் கீழே, அரிசிக் கிடங்கின் ஓடையில் கத்திய ஒன்றுக்கு மட்டும் ஓரத்தில்.

அதன் குரலும் வேறு, கதவைத் தட்டுவதுபோல். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு மழைக்காலமாக அது தனியாகவே கத்தியது. பதில் வந்ததேயில்லை.

"இந்த வீட்டுல ஜோடி இல்லாதது ரெண்டு பேரு. ஒண்ணு ஓடையில, ஒண்ணு மாடியில" என்று வீட்டுக்காரி ஜொஹரா பீவி சாயா கொண்டுவரும்போதெல்லாம் சிரிப்பாள். கங்காவும் சிரித்து வைப்பாள்.

போன வாரம் அதைப் பிடித்து அறுத்தாள். முதல் அட்டை அதனுடையது.

எறணாகுளம் கல்லூரியில் அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அந்த அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். ஒற்றைத் தவளை என்றால் பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். இன்னொன்று வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பும் வீண்.

இப்போது இன்னொன்று கிடைத்துவிட்டது. நான்காம் ஜோடி, ஓரத்தில் இடுப்பு. கோளாறு இல்லை, தனி இனம்.

அட்டையின் மூலையில் எழுதினாள்: ஜூன் 1964. பெண்.

படியில் செருப்புச் சத்தம். ஜொஹரா பீவி சாயாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நல்ல மழை. ஓடையில் சத்தமே இல்லை.

"கத்திக் கத்தியே போய்ச் சேந்துட்டுது போல. பாவம், கடைசி வரைக்கும் அதுக்குன்னு ஆரும் வரலியே, டீச்சரே."

கங்கா கோந்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தவளைகளில் கத்துவது ஆண் மட்டும்தான். பெண் பதில் குரல் கொடுக்காது. கேட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வரும்.

முந்தாநாள் சாயங்காலம் ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய அந்தக் குரலில் அவள்தான் கூப்பிட்டாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்.

ஈரச் சாக்குக்கு அடியிலிருந்து அந்தப் பெண் தவளை வந்தது. நேராக அவள் கைக்கு.