மூன்று கோடுகள்

தமயந்தி மெஸ்ஸில் மாட்டியிருந்த கரும்பலகைக்குக் காலையிலிருந்தே ஒரே கவலை. வெப்சைட் செய்ய வந்த பெண், "அக்கா, மேலே ஹாம்பர்கர் மெனு வெச்சிடலாம்" என்று சொல்ல, தமயந்தியும் தலையாட்டிவிட்டாள்.

"இட்லி எழுதின உடம்புல பர்கரா? என்னைக் கழற்றித்தான் போடப் போறாங்க" என்று மேசைமேல் இருந்த அந்தப் பெண்ணின் லேப்டாப்பிடம் பலகை புலம்பியது.

லேப்டாப் சிரித்தது. "பெரியம்மா, அது தின்கிற பர்கர் இல்லை. மெனுவை மடக்கி வைக்கிற அடையாளத்துக்கு அப்படி ஒரு பேரு. இதோ பாருங்க."

திரையின் மூலையில் பர்கரின் அடுக்குகள்போல ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் இருந்தன.

பலகை பதறியது. "ஐயோ, மூணும் தீர்ந்துபோச்சா? தீர்ந்த பலகாரத்து மேலதான் தமயந்தி கோடு போடுவா. முன்னெல்லாம் திருவிழாக் கூட்டம் வந்தா பத்து மணிக்கே என் உடம்பெல்லாம் கோடுதான். கை நிறையச் சாக்பீஸ் தூளோட எப்படிச் சிரிப்பா தெரியுமா!"

அப்போது அந்தப் பெண் திரையில் கோட்டைத் தொட்டாள். இட்லி, வடை, பணியாரம் என்று எல்லாம் கீழே விரிந்தன.

"எங்க கோட்டுக்குள்ள எல்லாம் இருக்கும், பெரியம்மா" என்றது லேப்டாப்.

மதியம் தமயந்தி பலகையை நோக்கி வந்தாள். கழற்ற வருகிறாளோ என்று அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவளோ சாக்பீஸை எடுத்து, பணியாரத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள்.

சாப்பிட வருகிறவர்களில் ஒருவராவது அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டாரா என்று பலகை காத்துக்கொண்டிருந்தது.