வெட்டிய பதினோரு நிமிடம்

"பதினஞ்சே நிமிஷமாம்! அதுக்கு மேல ஒரு செகண்ட் கூடாதாம்! நம்ம படத்தை வெட்டச் சொல்ல இவனுங்க யாரு?"

எலக்ட்ரீசியன் மேஜையை ஓங்கித் தட்டியதில் டீ கப் குதித்தது.

டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடரின் மேல் பைத்தியமாகி, அவர் சொந்தமாக எடுத்த படம் அது. ரெண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் விண்கப்பல். அவர் கேப்டன். மனைவி, கப்பலின் டாக்டர். மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

இப்போது தொடரின் உரிமையாளர் கம்பெனி, ரசிகர்கள் எடுக்கும் படங்களுக்கு விதிமுறை போட்டுவிட்டது. மீறினால் இணையத்திலிருந்து தூக்கிவிடுவார்களாம்.

"காசு வசூலிக்காதேன்னா சரி. ரெண்டாம் பாகம் எடுக்காதே, அதைப் போடாதே, இதைக் காட்டாதேன்னா என்ன அர்த்தம்?"

"முழுசாப் படிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"அஞ்சு விதி படிச்சேன். அதுக்குள்ள ரத்தம் கொதிச்சிருச்சு."

அவளுக்கும் வயிற்றெரிச்சல்தான். பழைய திரைச்சீலைகளை வெட்டி, கப்பல்காரர்களுக்கு ஒன்பது சட்டை தைத்தவள் அவள். டாக்டர் உயிர்விடும் காட்சிக்காக, வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டே வசனம் மனப்பாடம் செய்தவள்.

"சும்மா விடமாட்டேன்" என்று செல்போனை எடுத்தார். ரசிகர் குழுவில் எழுதியதை அவளுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினார்.

"உழைத்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் உழைப்பை வெட்ட என்ன அதிகாரம்? இதயமே இல்லாதவர்கள்!"

முந்நூறு பேர் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

ஆனாலும் படம் இணையத்தில் நிற்க வேண்டுமே. அவள் துணி துவைக்கப் போனதும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் குரல் கொடுத்தார். "முடிஞ்சிருச்சு, வந்து பாரு!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

கேப்டன் சண்டை போட்டார். கேப்டன் கண்ணாடி முன் நின்று மூன்று நிமிடம் தனக்குத்தானே பேசினார். கேப்டன் ஜெயித்தார். பதினைந்து நிமிடம், கச்சிதம்.

"டாக்டர் எங்கங்க?"

"அது வந்து... டாக்டர் இல்லாமலே கதை புரியுதும்மா."

"கண்ணாடி சீன் இல்லாம புரியாதா?"

"அது கேப்டனோட மனசு! அதுல எப்படிக் கை வைக்கிறது?"

"வெட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, பேராவது போட்டீங்களா?"

"சீனே இல்ல, பேரு எதுக்கு? அதுக்கு வேற அஞ்சு செகண்ட் போகும். நீ நம்ம வீட்டு ஆளுதானே, இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவே?"

அவள் மேஜையில் கிடந்த விதிமுறைத் தாளை எடுத்தாள். அவர் படிக்காமல் விட்ட ஆறாவது விதியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"நேரத்துக்காக நீக்கப்பட்ட காட்சிகளில் உழைத்தவர்களின் பெயர்களும் படத்தின் முடிவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அந்த நேரம் பதினைந்து நிமிடக் கணக்கில் சேராது."

தாளை அவர் கையில் திணித்தாள்.

"இதயமே இல்லாதவங்க எழுதினதுங்க இது. நம்ம வீட்டு ஆளு எழுதினதில்ல."