அப்பன் ஊட்டு ரத்தம்

"நோய் எதிர்ப்பு ஜீன்ல சின்ன மாற்றம் இருந்தா, கர்ப்பப்பைப் பக்கம் நீர்க்கட்டி வர்ற வாய்ப்பு கூடுதான்னு ஆராய்ச்சி பண்றோம்," என்றார் அம்பத்தூர் டாக்டரம்மா.

"ஜீனுன்னா பரம்பரைதானே? எங்க ஊட்ல யாருக்கும் கெடையாது. எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துக்கறேன்!" மாமியார் சரசா எகிறினாள்.

நீர்க்கட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த மருமகள் தேவிப்பிரியா அசரவில்லை. "எங்கம்மா பக்கமும் யாருக்கும் இல்ல டாக்டர்."

"அப்போ இவ அப்பன் ஊட்டு ரத்தம்தான்! நல்லா எழுதிக்கோம்மா!"

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "அப்பாகூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா, அவங்க ரத்தமும் வேணும்."

"எங்கப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா. ஊசின்னா பயம். வாய் மட்டும் ஆவடி வரைக்கும் கேக்கும்."

தேவிப்பிரியா சரசாவின் வளையலை மேலே தள்ளிவிட்டாள்.

"கைய நீட்டுங்க, அத்தை."