நடுவில் ஒரு வேலி

"என்கூட வேலை பார்க்கிறவரும் அவங்க அம்மாவும் விலங்குப் பண்ணைக்கு வர்றாங்க. புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாங்கப்பா" என்று மகள் சொன்னதுமே மாட்டு டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனைவி இறந்த பிறகு அவருக்கு இருப்பது இந்த ஒரே மகள். பையன் நல்லவனாக இருக்க வேண்டுமே என்ற கவலையோடுதான் வந்தார். ஆனால் கழுதைக் கொட்டிலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"ஏங்க, ரெண்டு கழுதைக்கும் நடுவுல எதுக்கு வேலி?" என்று பையனின் அம்மா கேட்டதுதான் தாமதம், டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு புதுசுங்க. உடனே சேர்த்து விட்டா உதைச்சுக்கும். முதல்ல வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு வாசனை பழகணும். அப்புறம் வேலியோரமா தீனி வைக்கணும். முகத்தைத் திருப்பிக்காம சேர்ந்து தின்னா, வேலியை எடுத்துடலாம்."

சாப்பாட்டு நேரத்தில் மகள் அப்பாவையும் பையனின் அம்மாவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்த அம்மா கேட்கக் கேட்க, டாக்டர் விளக்கிக்கொண்டே இருந்தார்.

கை கழுவும்போது மகளிடம் கிசுகிசுத்தார். "தங்கமான பையன்மா. எனக்குச் சம்மதம்."

"ஐயோ அப்பா! அவருக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சு. அவர் மனைவிதான் இந்த யோசனையே கொடுத்தாங்க."

"எந்த யோசனை?"

"அவரோட அம்மாவும் உங்களை மாதிரி தனியாத்தான் இருக்காங்கப்பா. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க உதைச்சிருப்பீங்க."

டாக்டர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். பின்னாலிருந்து ஒரு கைக்குட்டை நீண்டது.

"டாக்டர், அதுங்க ரெண்டும் சேர்ந்து தின்ன ஆரம்பிச்சிடுச்சு. வேலியை எப்போ எடுப்பாங்க?" என்றார் பையனின் அம்மா.

டாக்டர் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அவசரப்படக் கூடாதுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்போமா?"