ஊதுகிற மூச்சு

மிஸ்ரியா கஞ்சி ஊட்டக் குனிந்ததும், கணவன் ஆசிக் அவள் முகத்தில் ‘ஃபூ’ என்று ஊதினான்.

துபாயில் பக்கவாதம் வந்து, பேச்சே போய், தென்காசி வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து இப்படித்தான்.

“ஏட்டி, மனசுக்குள்ள துஆ ஓதி உனக்கு ஊதுதான். நீ குடுத்து வச்சவ!” என்றாள் மாமியார் சைதூன் பீவி.

அதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு சனோபர் காய்ச்சலடிக்கும் பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

“இவனுக்கும் ஊதி விடுங்கண்ணே.”

ஆசிக் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான், ஊதவில்லை. மிஸ்ரியாவின் பக்கம் திரும்பி, இன்னும் பலமாக ஊதினான்.

“பொண்டாட்டிக்கு மட்டுந்தானாக்கும்!” சனோபர் சிரித்துக்கொண்டே போனாள்.

மிஸ்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று துபாயிலிருந்து அவன் போன் செய்தபோது நாக்கு குழறியது. “குடிச்சிருக்கியளா? தெளிஞ்ச பொறவு பேசுங்க” என்று திட்டி, போனை அணைத்து வைத்தவள் இவள். மறுநாள்தான் அவன் அறையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தார்கள். அந்தப் போன் வந்ததை இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாமியார் தொழப் போனதும், அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஊதினான்.

“வாடையே இல்ல மச்சான். நீங்க குடிக்கல.”

ஆசிக்கின் கண்கள் நிறைந்தன.

“ஏட்டி, எம்புள்ள ஏன் ஊதுறத நிறுத்திட்டான்?” என்று மறுநாள் மாமியார் கேட்டாள்.

மிஸ்ரியா தலை நிமிராமல் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.