மீதிப் பாதி

அருள்தாஸ் உயிரை மாய்த்துக்கொண்ட ஒன்பதாம் நாள், அவன் தம்பி பெலிக்ஸ் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். பங்குகளைத் தானாகவே வாங்கி விற்கும்படி அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதிய நிரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. விலை ஏறினால் பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும். அருள்தாஸ் அதன் திரையைத் தவிர வேறெதையும் நம்பியதில்லை. கடைசி நாளன்று ஏழு லட்சம் நஷ்டம் என்று அதில் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான் என்பது அவன் மனைவி ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

நிரலின் வரிகளைப் படித்துக்கொண்டே வந்த பெலிக்ஸ், திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தான்.

“மதினி, வித்த பாதியில வந்த லாபத்தை இது சேக்கவே இல்ல. மீதியையும் வித்து முடிச்சாத்தான் சேக்கும். அதுவரைக்கும் கையில இருக்க பாதியோட நஷ்டத்தை மட்டும் காட்டிருக்கு.”

“அப்ப நெசமா எவ்வளவு?”

அவன் ஒரு வரியைத் திருத்தினான். அதே நாள் கணக்கு, நாற்பதாயிரம் லாபம் என்று திரையில் பச்சையானது.

“இந்த வரிய எழுதுனது நான்தான். ‘ஒருதடவ சரிபாத்துருடா’ன்னு அண்ணன் சொன்னான். ‘உனக்கு என்னத்த தெரியும்’னு கேலி பண்ணுனேன் மதினி.”

முன்னறையில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள்: “லட்சக்கணக்குல போயிட்டே, எம்புள்ள என்ன செய்வான்? தாங்க முடியாமத்தான் போயிட்டான்.”

ஜெசிந்தா அறைக்கதவைச் சாத்தினாள்.

“அத்தை பாக்கதுக்கு முந்தி அதைப் பழையபடி ஆக்கிரு, பெலிக்ஸ்.”