தோல் இல்லாத இருக்கை

பழவங்காடிக் கடைவாசலில், காலை வெயிலில் மின்னுகிறது ஸ்ரீகண்டனின் மோட்டார் சைக்கிள். கோயிலுக்குப் போகிறவள் தோலில் உட்காரமாட்டேன் என்று மனைவி விஜயம் மறுத்ததால், புதிதாக வாங்கிய பின்னிருக்கையை நேற்றுத்தான் கடையில் திருப்பிக் கொடுத்தான். இன்று அதே இருக்கை பச்சைக் கான்வாஸ் உடுத்தி வண்டியில் ஏறியிருக்கிறது.

"தோலை உரிச்சு மாத்தியாச்சு. உள்ளே தேங்காய்நாராக்கும். தைரியமாத் தொட்டுப் பாருங்கம்மா," என்கிறார் கடைக்காரர் கோலப்பன். "ஒருபக்கமா உட்கார்ந்தா கால் தொங்குமேன்னு பலகையும் வச்சிருக்கேன்."

அந்தப் பலகையை யாரும் கேட்கவில்லை. ஸ்ரீகண்டன் மனைவியின் முகத்தையே பார்க்கிறான். அவள் இருக்கையை உள்ளங்கையால் மெல்ல அழுத்துகிறாள், தலைப்பை இழுத்துச் செருகுகிறாள், ஏறிவிடுகிறாள்!

"மெதுவாப் போகணும், கேட்டேளா?"

எஞ்சின் உறுமுகிறது. கடைத்தெருவே பார்த்து நிற்க, அவள் கை அவன் தோளைப் பற்றுகிறது.